கல்லா, குழியா? டரிங்டன் வால்ஸில் ரேடார் காட்டியதும் மண்வெட்டி காட்டியதும்

2015 செப்டம்பரில் பிரிட்டிஷ் அறிவியல் விழாவில் ஒரு செய்தி வெளியானது. இங்கிலாந்தின் கற்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சுக்கு வடகிழக்கே சுமார் 3 கி.மீ. தொலைவில் டரிங்டன் வால்ஸ் என்ற தொல்லிடம் இருக்கிறது. அதன் மண்கரைக்கு அடியில் 90 கற்கள் வரை வரிசையாகப் படுத்துக் கிடக்கின்றன, அவற்றில் சில 4.5 மீட்டர் நீளம் என்றது அந்தச் செய்தி. அந்தக் கற்கள் கிடப்பதாகச் சொன்ன புள்ளிகளில் எதையும் அவர்கள் அதுவரை தோண்டிப் பார்த்திருக்கவில்லை. தரைமேல் ஓட்டிச் சென்ற ரேடார் கருவி காட்டிய படம்தான் முழு ஆதாரமும். பத்திரிகைகள் அதற்கு 'சூப்பர்ஹெஞ்ச்' என்று பெயர் வைத்துக் கொண்டாடின.

பதினொரு மாதம் கழித்து, 2016 ஆகஸ்டில், அந்தக் 'கற்களில்' இரண்டைத் தேர்ந்தெடுத்துத் தோண்டினார்கள். கல் இல்லை. ஒரு காலத்தில் பெரிய மரத்தூண்கள் நின்ற குழிகள்தான் இருந்தன. தூண்களைப் பிடுங்கிவிட்டுச் சுண்ணப்பாறைச் சல்லியால் நிரப்பி மூடியிருந்தார்கள்.

தொல்லியலில் புவி இயற்பியல் முறைகளை, அதாவது தோண்டாமலேயே கருவிகளால் நிலத்தடியை அளக்கும் முறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெற்றிகளைத்தான் எழுதுகிறார்கள். நான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே கருவி பழுதாகவில்லை. தரவும் அருமையான தரவு. அளந்தவர்கள் உலகின் தேர்ந்த குழுக்களில் ஒன்று. ரேடார் 'இங்கே ஏதோ மாறுகிறது' என்று காட்டியது, அது உண்மை. 'அது கல்' என்ற சொல்லைப் படத்தைப் பார்த்த மனிதர்கள் சேர்த்தார்கள். அந்த ஒரு சொல் எங்கே, எப்படி நுழைந்தது என்று பார்க்க வேண்டும்.

இடம்

டரிங்டன் வால்ஸ் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஏவன் ஆற்றை ஒட்டிய சரிவில் இருக்கிறது. விட்டம் ஏறத்தாழ 500 மீட்டர், சுற்றளவு ஒன்றரை கி.மீ. உள்பக்கம் அகழி, அதன் வெளிப்பக்கம் கரை. கோட்டை என்றால் அகழி வெளியே இருக்கும்; இங்கே தலைகீழ். ஹெஞ்ச் எனப்படும் கற்கால வட்டச் சின்னங்களின் வகைக்கே இதுதான் அடையாளம். அகழி சில இடங்களில் ஐந்தரை மீட்டர் ஆழமும், மேல்வாயில் 18 மீட்டர் அகலமும் கொண்டது. கரை 30 மீட்டர் வரை அகலம். காலம் கி.மு. 2500-ஐ ஒட்டியது. இன்று நேரில் போனால் புல்வெளியில் மெலிதான மேடு பள்ளம்தான் தெரியும். நாலாயிரம் ஆண்டு மழையும் உழவும் கரையைக் கரைத்து அகழியைத் தூர்த்துவிட்டன.

1966-68-இல் சாலைப் பணிக்கு முன்பாக ஜெஃப்ரி வெயின்ரைட் தலைமையில் இங்கே பெரிய அகழாய்வு நடந்தது. உள்ளே இரண்டு மரத்தூண் வட்டங்கள் கிடைத்தன. தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் வுட்ஹெஞ்சும் மரத்தூண் வட்டம்தான். 1925-இல் விமானத்திலிருந்து பார்த்தபோது பயிரின் நிறமாற்றம் அதைக் காட்டிக் கொடுத்தது. பிறகு 2003 முதல் 2009 வரை மைக் பார்க்கர் பியர்சன் தலைமையிலான குழு தோண்டி, கரைக்கு அடியிலேயே கற்கால வீடுகளின் தரைகளைக் கண்டெடுத்தது. ஸ்டோன்ஹெஞ்சில் பெருங்கற்கள் நிறுத்தப்பட்ட காலத்தில் இங்கே ஊரே குடியிருந்து, பன்றிக்கறி விருந்து நடத்தியிருக்கிறது.

ஆக, சுற்றுவட்டாரத்தில் மரத்துக்குப் பஞ்சமே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன அளந்தார்கள்

2010-இல் ஸ்டோன்ஹெஞ்ச் மறைநிலத் திட்டம் தொடங்கியது. பிரிட்டன் தரப்பில் வின்ஸ் காஃப்னி, வியன்னாவின் லூட்விக் போல்ட்ஸ்மான் நிறுவனத் தரப்பில் வூல்ஃப்காங் நொய்பாவர் முன்னின்றார்கள். சுமார் 12 சதுர கி.மீ. நிலத்தை அளந்தார்கள். இந்தத் துறையில் இது மலைக்க வைக்கும் பரப்பு. 1946-இல் ரிச்சர்ட் ஆட்கின்சன் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸில் மண்ணில் கம்பிகளைக் குத்தி மின்தடையை ஒவ்வொரு புள்ளியாக அளந்த காலத்தில், ஒரு சிறு வயலை முடிப்பதே பெரும் பாடு. இங்கே கருவிகளை வரிசையாகப் பூட்டி வண்டியில் இழுத்தார்கள். செயற்கைக்கோள் இடங்காட்டி ஒவ்வொரு அளவின் இடத்தையும் சென்டிமீட்டர் துல்லியத்தில் குறித்துக்கொண்டே வந்தது.

முதன்மையாக இரண்டு கருவிகள். முதலில் காந்தமானி. பூமியின் காந்தப்புலம் அந்தப் பகுதியில் ஏறத்தாழ 48,000 நானோடெஸ்லா. பழைய அகழி ஒன்று அதில் உண்டாக்கும் மாற்றமோ சில நானோடெஸ்லாதான். அதைப் பிடிக்க இரண்டு உணரிகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பார்கள். நாள் முழுக்க ஏறி இறங்கும் பூமியின் புலம் இரண்டிலும் சமமாக இருப்பதால் கழிந்துவிடும். அகழி ஏன் காந்தத்தன்மை காட்டுகிறது? மனிதர் நடமாடிய மேல்மண்ணில் அடுப்பு எரிந்திருக்கும், குப்பை மக்கியிருக்கும். இவை மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடுகளை வலுவான காந்தத்தன்மை உள்ள வடிவங்களாக மாற்றுகின்றன. அந்த மண் பள்ளத்தில் வந்து தேங்கும்போது, சுற்றியுள்ள பாறைக்கு எதிரே பளிச்சென்று தெரிகிறது. சுண்ணப்பாறை நிலம் காந்தமானிக்குக் கொடுப்பினை. பாறையில் காந்தத்தன்மை அறவே குறைவு என்பதால் சிறு குழிகூடத் தப்பாது. 2014-இல் இந்தக் குழு அதுவரை அறியப்படாத 17 சின்னங்களை அறிவிக்க முடிந்ததற்கு இந்த நிலத்தின் வாகும் ஒரு காரணம்.

ஆனால் டரிங்டன் கரையில் காந்தமானியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கரையே வெட்டியெடுத்த சுண்ணப்பாறைக் குவியல். அடியில் இருப்பது சுண்ணப்பாறை நிரப்பிய குழியானாலும் சார்சன் கல்லானாலும் இரண்டிலும் காந்தத்தன்மை இல்லை. ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களான சார்சன் என்பது சிலிக்காவால் இறுகிய மணற்கல். போதாததற்கு ஆழம் வேறு. இந்த வகைக் காந்தமானிக்கு ஒன்றரை மீட்டருக்குக் கீழே உள்ள சிறு பொருட்கள் மங்கிவிடும். அதனால் முழுப் பாரமும் ரேடார் தலையில் விழுந்தது.

ரேடார் எப்படிப் பார்க்கிறது

தரை ஊடுருவு ரேடார் மண்ணுக்குள் வானொலி அலைத் துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியின் நேரத்தை அளக்கிறது. காற்றில் இந்த அலை ஒரு நானோ விநாடிக்கு 30 செ.மீ. போகும். ஈரமான பாறையில் 10 செ.மீ. அளவுக்குக் குறையும். எதிரொலி 40 நானோ விநாடியில் வந்தால், போக வரக் கணக்கிட்டு ஆழம் 2 மீட்டர் என்று கொள்ளலாம். 400 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இப்படிப்பட்ட மண்ணில் கால் மீட்டர். அதைவிட மிகச் சிறிய விவரங்களை அது பிரித்துக் காட்டாது. களிமண்ணோ உப்பு ஈரமோ இருந்தால் அலை சீக்கிரமே செத்துவிடும். சுண்ணப்பாறையில் அந்தத் தொல்லை குறைவு. ஆயிரக்கணக்கான செங்குத்துக் கோடுகளை அருகருகே எடுத்து அடுக்கி, கிடைமட்டமாகச் சீவினால் ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு வரைபடம் கிடைக்கும். பார்க்கப் புகைப்படம் மாதிரியே இருக்கும். ஆபத்து ஆரம்பிப்பது இங்கேதான் என்பது என் எண்ணம். புகைப்படம் மாதிரி இருப்பதைப் புகைப்படமாகவே கண் நம்பிவிடுகிறது.

அலை எதிரொலிப்பது பொருளைப் பார்த்து அல்ல. இரண்டு பொருட்களின் எல்லையில் மின்காப்பு மாறிலி (ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைச் சொல்லும் எண்) மாறும்போது எதிரொலிக்கிறது. மண்ணில் இந்த மாறிலியைப் பெருமளவு தீர்மானிப்பது நீர். நீரின் மதிப்பு சுமார் 80, காற்றின் மதிப்பு 1, பெரும்பாலான கனிமங்கள் 4-க்கும் 9-க்கும் இடையே. அதாவது ரேடார் வரைவது, ரொம்ப எளிமையாகச் சொன்னால், எங்கே எவ்வளவு ஈரம் நிற்கிறது என்ற படம்.

இதை டரிங்டன் கரைக்குப் பொருத்திப் பாருங்கள். இறுகிய சுண்ணப்பாறையில் மூன்றில் ஒரு பங்கு நுண்துளைகள். அவை ஈரத்தைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மாறிலி உயர்வு. நடுவே ஒரு சார்சன் கல்லைக் கிடத்தினால், ஈரம் புகாத சிலிக்கா என்பதால் மாறிலி 4 அல்லது 5-க்கு இறங்கும். வலுவான எதிரொலி. சரி, கல்லுக்குப் பதிலாகச் சல்லி கொட்டிய குழி இருந்தால்? சல்லிக்கு நடுவே இடைவெளிகள். நீர் வடிந்து காற்று நிற்கும். அங்கேயும் மாறிலி இறங்கும். அதே போல வலுவான எதிரொலி. எதிரொலியின் அலைக்கட்டம், அதாவது அலையின் மேடு பள்ளம், தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துச் சில நேரம் பொருளை ஊகிப்பார்கள். ஆனால் இங்கே கல், சல்லி இரண்டுமே ஈரப்பாறையைவிட அலையை வேகமாக விடும் பொருட்கள். கட்டமும் ஒரே பக்கம்தான் திரும்பும்.

உருவமாவது காட்டிக் கொடுக்குமா என்றால் அதுவும் இல்லை. பெரிய தூணை நிறுத்தக் குழியின் ஒரு பக்கத்தில் சாய்தளம் வெட்டி, அதன் வழியே தூணின் அடியைச் சறுக்கி இறக்குவது அக்காலத்து வழக்கம். வுட்ஹெஞ்சில் இத்தகைய சாய்தளக் குழிகள் உண்டு. மேலிருந்து பார்த்தால் அவை வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும், சாய்ந்து கிடக்கும் கல்லைப் போல.

கல் என்ற சொல் வந்த வழி

அப்படியானால் ஏன் கல் என்றார்கள்? ஆய்வாளர்களைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அந்த வாசிப்புக்கு இழுக்கப்பட்டிருப்போம். வில்ட்ஷயரிலேயே உள்ள இன்னொரு கல்வட்டமான ஏவ்பரியில் இடைக்காலத்தில் நிற்கும் கற்களையே சாய்த்துப் புதைத்திருக்கிறார்கள். அப்படிப் புதைந்த கற்களைப் புவி இயற்பியல் முறையிலேயே அடையாளம் கண்ட முன்னுதாரணமும் உண்டு. ஸ்டோன்ஹெஞ்சோ நடந்து போகும் தூரத்தில். வுட்ஹெஞ்சுக்குப் பக்கத்திலேயே குக்கூ ஸ்டோன் என்ற சார்சன் கல் கிடக்கிறது. வரிசையாக, ஒரே அளவில், பெரிய, வலுவான எதிரொலிகள் வந்தால் மனம் வேறு எங்கே போகும்?

ஆனால் மறுபக்கச் சான்றும் அதே அளவுக்குக் கையில் இருந்தது. இந்தத் தொல்லிடத்துக்குள் அதுவரை கிடைத்த பெரிய கட்டுமானங்கள் எல்லாம் மரம். பார்க்கர் பியர்சனும் மடகாஸ்கரைச் சேர்ந்த ரமிலிசோனினாவும் 1998-லேயே, கல் முன்னோருக்கு, மரம் உயிரோடிருப்பவருக்கு என்ற கருத்தை முன்வைத்திருந்தார்கள். டரிங்டன் உயிரோடிருந்தவர்களின் இடம். அங்கே 90 கற்கள் என்றால் அந்தக் கருத்தே ஆட்டம் காணும். அது தப்பில்லை, கருத்துகள் ஆட்டம் காணத்தான் வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய மாற்றத்தைச் சொல்லும் சான்றுக்கு அதற்கேற்ற கனமும் வேண்டும்.

2015 அறிவிப்பில் ஆய்வாளர்கள் 'இருக்கலாம்' என்றும் சொன்னார்கள். செய்தித்தாள் தலைப்புக்குப் போகும் வழியில் அந்த 'லாம்' உதிர்ந்துவிட்டது. இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். என்றாலும் முதல் அறிக்கையே 'கற்கள்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'எதிரொலிப்பான்கள்' என்று சொல்லியிருந்தால், அவ்வளவு சுலபமாக உதிர்ந்திருக்காது. அறிக்கை எழுதுபவர்கள் இரண்டு பத்தி எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். அளவில் என்ன மாறுகிறது என்பது ஒன்று. அதற்கு என்னென்ன பொருட்கள் காரணமாகலாம் என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைக்கக் கூடாது.

இதே இலையுதிர் காலத்தில் எகிப்திலும் இதே கதைதான் நடந்தது. துட்டன்காமன் கல்லறைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்த அறைகள் இருக்கலாம் என்று ஒரு கருத்து எழ, 2015 நவம்பரில் எடுத்த முதல் ரேடார் அளவீடு 'ஆம்' என்று வாசிக்கப்பட்டது. 2016-இல் வேறொரு குழு எடுத்தது அதை உறுதிசெய்யவில்லை. 2018-இல் டூரின் பாலிடெக்னிக்கின் பிரான்செஸ்கோ போர்செல்லி தலைமையிலான குழு மூன்றாவதாக அளந்து, அறைகள் இல்லை என்று முடித்து வைத்தது. அங்கே சுவரைத் துளைக்க முடியாது, ஓவியம் போய்விடும். அதனால் மூன்று முறை அளக்க வேண்டியிருந்தது. டரிங்டனில் அந்தத் தடை இல்லை.

தோண்டியபோது

2016 ஆகஸ்டில் நடந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். கல் என்று அறிவித்த குழுவே, மரம் என்ற கருத்துடைய பார்க்கர் பியர்சனோடு சேர்ந்து குழி வெட்டியது. நிலத்தின் உரிமையாளரான நேஷனல் டிரஸ்டின் தொல்லியலாளர் நிக்கோலா ஸ்நாஷலும் உடன் இருந்தார். படத்தில் தெரிந்த இரண்டு எதிரொலிப்பான்களின் மேலேயே இறங்கினார்கள். கல்லைத் தேடியவர்களின் கண்முன்னாலேயே குழி வெளிப்பட்டது. விடை வந்ததும் மழுப்பாமல் வெளியே சொன்னார்கள்.

கிடைத்த கதை முதலில் சொன்னதைவிட ருசியானது. குழிகளில் பெருந்தூண்கள் நின்றிருக்கின்றன. ஆனால் மரம் மக்கும் வரை நிற்கவில்லை. மேலே தூக்கி எடுத்துவிட்டார்கள். குழியைச் சல்லியால் மூடி, அதன் மேல் கரையை எழுப்பியிருக்கிறார்கள். அதாவது முதலில் ஊர், ஊர் முடிந்ததும் தூண் வளையம், அதையும் பாதியில் கைவிட்டு அகழியும் கரையும். வளையத்தில் 200 முதல் 300 தூண்கள் இருந்திருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள். அத்தனை மரங்களை வெட்டி, இழுத்து, நிறுத்தி, பின் எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கிறார்கள். ஏன் இந்த மனமாற்றம்? பார்க்கர் பியர்சன் போன்றவர்கள் இதை ஊரின் முடிவோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். வேறு எந்தக் கற்காலச் சின்னத்திலும் ஒரு திட்டம் கைவிடப்பட்ட தருணம் இவ்வளவு துல்லியமாகப் பிடிபட்டதை நான் படித்ததில்லை.

இந்தக் குழிகளை முதலில் காட்டியது ரேடார்தான் என்பதையும் மறக்கக் கூடாது. 30 மீட்டர் அகலக் கரையின் அடியில், மேலே எந்த அறிகுறியும் இல்லாத இடத்தில், மண்வெட்டி மட்டும் வைத்திருந்தவர்கள் தற்செயலாக ஒன்றிரண்டைக் கண்டிருக்கலாம். அவை வளையமாக ஓடுகின்றன என்பதைக் கண்டிருக்க முடியாது. இரண்டு இடத்தில் கிடைத்த விடையை மற்றவற்றுக்கும் நீட்டிக்க முடிவதும், எல்லாம் ஒரே மாதிரி எதிரொலிக்கின்றன என்று ரேடார் சொல்வதால்தான்.

தோண்டாமல் தீர்த்திருக்க முடியுமா?

முன்கூட்டியே வேறு முறை கைகொடுத்திருக்குமா என்ற கேள்வி என்னை விடவில்லை. மின்தடை? சார்சனும் மின்சாரத்தைக் கடத்தாது, நீர் வடிந்த சல்லியும் அவ்வளவாகக் கடத்தாது. அதோடு வழக்கமான அரை மீட்டர் இடைவெளிக் கம்பிகள் அந்த ஆழத்தை எட்டா. நீண்ட வரிசையில் மின்முனைகளை நட்டுக் குறுக்குவெட்டு எடுத்தால்தான் எட்டும். அப்போதும் இரண்டும் 'உயர் தடை' என்றே வரும்.

ஈர்ப்பு அளவீட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சார்சன் சுண்ணப்பாறையைவிட அடர்த்தியானது, சல்லி அடர்த்தி குறைந்தது. ஒன்று ஈர்ப்பைக் கூட்டும், மற்றது குறைக்கும். கொள்கையளவில் கல்லையும் குழியையும் எதிரெதிர் குறியால் பிரிக்கக்கூடிய முறை இது. 4.5 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் கனம் உள்ள கல், கன மீட்டருக்கு 500 கிலோ அடர்த்தி வித்தியாசம், இரண்டரை மீட்டர் ஆழம் என்று எடுத்துக்கொண்டால், கிடைப்பது 4 மைக்ரோகால் (ஈர்ப்பு மாற்றத்தின் மிகச் சிறிய அலகு) கூட இல்லை. களத்தில் நல்ல கருவியின் இரைச்சலே ஏறக்குறைய அவ்வளவு. சீரற்ற கரையின் மேல் நின்றுகொண்டு அதைப் பிடிப்பது நடக்காத காரியம்.

ஆக, இந்த முறைகளையெல்லாம் அடுக்கினாலும் இந்தக் கேள்வி திறந்தேதான் இருந்திருக்கும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் மூன்று கருவிகள் கேள்விக்கு விடை சொல்லிவிட்டதாக ஆகாது. மூன்றும் ஒரே குழப்பத்தில் ஒத்துப்போகலாம். தீர்க்கக்கூடியது ஒரு கைத்துளைப்பான்தான். சல்லியில் இறங்கினால் வெள்ளைப் பொடி வரும், சார்சனில் பட்டால் அங்கேயே நிற்கும். ஒரு விரற்கடை அகலத் துளை, அரை நாள் வேலை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடத்தில் அதற்கும் அனுமதி வேண்டும், அது எளிதல்ல என்பதும் உண்மைதான்.

அதன் பிறகு

2020 ஜூனில் காஃப்னியின் குழு அதே டரிங்டன் வால்ஸைப் பற்றி இன்னொரு பெரிய செய்தியோடு வந்தது. ஹெஞ்சைச் சுற்றி 2 கி.மீ.க்கும் அதிக விட்டமுள்ள பெருவட்டத்தில் குறைந்தது 20 குழிகள், ஒவ்வொன்றும் 10 மீட்டருக்கு மேல் அகலம், சுமார் 5 மீட்டர் ஆழம். காந்தமானியில் இவற்றில் சில முன்பே தெரிந்திருந்தன. இயற்கையான பள்ளங்கள் அல்லது குட்டைகள் என்று ஒதுக்கப்பட்டிருந்தன. சுண்ணப்பாறை மழைநீரில் கரைந்து தானாகவே குழி விழும் பாறை என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானது. வட்டம் முழுமையாக இல்லை என்று சொன்ன ஆய்வாளர்களும் உண்டு.

இந்த முறை குழு காந்தமானி, ரேடார், மின்காந்தத் தூண்டல் படங்களோடு நிற்கவில்லை. சில குழிகளில் துளையிட்டு மண் உருளைகளை மேலே எடுத்துவிட்டுத்தான் பேசியது. உருளைகளில் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல் சில்லுகளும் எலும்புத் துண்டுகளும் இருந்தன. எதிர்ப்பு அடங்கவில்லை என்றதும் மேலும் துளையிட்டார்கள். மண் கடைசியாக வெயில் கண்ட காலத்தை ஒளிர்வு முறையில் கணித்தார்கள். மண்ணில் ஒட்டியிருந்த பழைய தாவர, விலங்கு மரபணுக்களைத் தேடினார்கள். ஒரு குழியின் அடுக்குகள் இன்னொரு குழியின் அடுக்குகளோடு பொருந்துகின்றனவா என்று வரிசை வரிசையாக ஒப்பிட்டார்கள். இயற்கைப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் தூரும். ஒரே கூட்டம் வெட்டியவை என்றால் எல்லாம் ஒரே ஒழுங்கில் நிறைந்திருக்க வேண்டும்.